உதவவும் மாட்டோம், தடுக்கவும் மாட்டோம்

1860 டிசம்பரில் தெற்கு கரோலைனா அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்துபோனது. ஏன் பிரிகிறோம் என்று ஓர் அறிக்கையும் வெளியிட்டது. மத்திய அரசின் அடக்குமுறையைப் பற்றித்தான் அதில் இருக்கும் என்று எண்ணிப் படிப்பவர்கள் திகைத்துப்போவார்கள். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லும் மத்தியச் சட்டத்தை மாசசூசெட்ஸ், வெர்மான்ட், விஸ்கான்சின் முதலான வட மாநிலங்கள் தங்கள் சட்டங்களால் செல்லாக்காசாக்கிவிட்டன என்பதே அதன் முக்கியமான புகார்களில் ஒன்று. மாநில உரிமை பேசிப் பிரிந்த மாநிலம், மற்ற மாநிலங்கள் அதே உரிமையைக் கையில் எடுத்ததைக் குற்றமாகச் சொன்னது.

அமெரிக்கக் கூட்டாட்சியை விளக்குபவர்கள் வழக்கமாக எந்த அதிகாரம் யாருக்கு என்ற பட்டியலிலிருந்து தொடங்குவார்கள். போர், நாணயம், அஞ்சல், மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் ஆகியவை மத்திக்கு. பெயர் சொல்லிக் கொடுக்காத மற்றதெல்லாம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் என்று 1791இல் சேர்ந்த பத்தாவது திருத்தம் சொல்கிறது. பட்டியல் சரிதான். ஆனால் அந்நாட்டின் பெரும் சண்டைகள் வேறொரு கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கின்றன. மத்திய அரசு ஒரு சட்டம் போடுகிறது. மாநிலத்துக்கு அது பிடிக்கவில்லை. அப்போது மாநிலம் என்ன செய்யலாம்? கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கலாமா? குறுக்கே நிற்கலாமா? அந்தச் சட்டமே செல்லாது என்று அறிவிக்கலாமா?

விடையின் வேர் அரசமைப்புச் சட்டத்துக்கும் முந்தைய ஒரு தோல்வியில் இருக்கிறது.

சுதந்திரப் போர் முடியும் முன்பே, 1781இல், பதின்மூன்று மாநிலங்களும் ஓர் உடன்படிக்கையின் கீழ் சேர்ந்திருந்தன. அதன்படி அமைந்த காங்கிரசுக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. படைக்குச் சம்பளம் தரவும் போர்க் கடனை அடைக்கவும் மாநிலங்களிடம் கையேந்த வேண்டும். கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் கேட்பாரில்லை. பெரும்பாலும் கொடுக்கவில்லை. இறக்குமதிப் பொருள்களுக்கு ஐந்து சதவீத வரி விதிக்க காங்கிரஸ் இசைவு கேட்டபோது, சின்னஞ்சிறு ரோட் ஐலண்ட் முடியாது என்றது. உடன்படிக்கையைத் திருத்த எல்லா மாநிலங்களும் ஒப்ப வேண்டும் என்பதால் திட்டம் அதோடு படுத்துவிட்டது. 1786இல் மேற்கு மாசசூசெட்ஸில் கடனிலும் வரியிலும் நொந்துபோன விவசாயிகள், போரில் கேப்டனாக இருந்த டேனியல் ஷேஸ் போன்றவர்களின் பின்னால் திரண்டு நீதிமன்றங்களை இயங்கவிடாமல் செய்தார்கள். அவர்களை எதிர்கொள்ள மத்தியில் பணமும் இல்லை, படையும் இல்லை. பாஸ்டன் வணிகர்கள் பணம் போட்டுத் திரட்டிய மாநிலப் படைதான் கடைசியில் அந்தக் கலகத்தை அடக்கியது.

மறு ஆண்டு மே மாதம் பிலடெல்பியாவில் கூடிய பிரதிநிதிகளுக்கு முன்னே இரண்டு வழிகள் இருந்தன. மாநிலங்களுக்கு ஆணையிட்டு, பணியாத மாநிலத்தின் மீது படையை ஏவும் அதிகாரத்தை மத்திக்குக் கொடுப்பது ஒன்று. வர்ஜீனியா கொண்டுவந்த முதல் வரைவில் அப்படி ஒரு பிரிவே இருந்தது. அதைத் தள்ளிவைக்கச் சொன்னவர் அதே வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மாடிசன். ஒரு மாநிலத்தின் மீது படையெடுப்பது தண்டனையாக இருக்காது, போராகத்தான் இருக்கும் என்பது அவர் வாதம். ஆகவே சபை இரண்டாவது வழியை எடுத்தது: மாநிலங்களைத் தாண்டி மக்களிடமே நேராகப் போவது. மத்திய அரசு தன் சட்டத்தைத் தானே இயற்றும், தன் வரியைத் தன் ஆளை வைத்தே வசூலிக்கும், தன் நீதிமன்றத்திலேயே வழக்கு நடத்தும். மாநிலங்களைப் பார்த்துச் சட்டம் போட்டதுதான் பழைய ஏற்பாட்டின் அடிப்படைக் கோளாறு என்று அலெக்சாண்டர் ஹாமில்டன் பிறகு நியூயார்க் பத்திரிகைகளில் விரிவாக எழுதினார். ஒரே மண்ணில், ஒரே மனிதர் மீது, இரண்டு அரசுகள். இதற்கு முன் எந்தப் பெரிய நாடும் இப்படி ஆளப்பட்டதில்லை.

மத்தியச் சட்டமும் மாநிலச் சட்டமும் மோதினால் மத்தியச் சட்டமே மேல் என்று ஆறாவது பிரிவு சொல்லிவிட்டது. மேரிலாந்து மாநிலம் மத்திய வங்கியின் கிளைக்கு வரி போட்டு அதை நெருக்கப் பார்த்தபோது, மத்தியின் முறையான வேலைக்கு மாநிலம் முட்டுக்கட்டை போட முடியாது என்று 1819இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பளித்தார். தெற்கு கரோலைனா 1832இல் மத்திய இறக்குமதி வரி தன் எல்லைக்குள் செல்லாது என்று அறிவித்தது. அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் படையைக் காட்டி மிரட்டினார், காங்கிரஸ் வரியைக் குறைத்தது, மாநிலமும் இறங்கிவந்தது. தடுக்கக் கூடாது, செல்லாது என்றும் சொல்லக் கூடாது என்பது இப்படி ஓரளவு தெளிவானது.

உதவாமல் இருக்கலாமா என்ற கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது. அது ஒரு பெண்ணின் வாழ்க்கையோடு சேர்ந்து நீதிமன்றம் வந்தது.

மார்கரெட் மார்கன் மேரிலாந்தில் ஓர் அடிமைக் குடும்பத்தில் பிறந்தவர். உடைமையாளர் அக்குடும்பத்தை நெடுங்காலம் விடுதலை பெற்றவர்களாகவே நடத்திவந்தார். மார்கரெட் சுதந்திரமான ஒரு கறுப்பினத்தவரை மணந்து, 1832இல் பென்சில்வேனியாவுக்குக் குடிபோனார். அங்கே பிள்ளையும் பிறந்தது. 1837இல் எட்வர்ட் பிரிக் என்பவரும் இன்னும் மூவரும் வந்து, மார்கரெட்டையும் பிள்ளைகளையும் பிடித்து மேரிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். ஆளைக் கடத்துவதைத் தடுக்க பென்சில்வேனியா 1826இலேயே ஒரு சட்டம் போட்டிருந்தது. அதன்படி பிரிக் மீது வழக்குப் பாய்ந்தது.

1842இல் உச்ச நீதிமன்றம் பிரிக்கின் பக்கம் நின்றது. தப்பியோடியவரை மீட்கும் உரிமையை அரசமைப்பே உடைமையாளருக்குத் தந்திருக்கிறது, மாநிலச் சட்டம் அதற்குத் தடையாக நிற்க முடியாது என்று நீதிபதி ஜோசப் ஸ்டோரி எழுதினார். ஆனால் அதே தீர்ப்பில் இன்னொன்றையும் சொல்லிவைத்தார். இது மத்தியின் கடமை; இதை நிறைவேற்ற மாநில அதிகாரிகளைக் கட்டாயப்படுத்த முடியாது. மார்கரெட்டுக்கு இதனால் எந்த விடிவும் பிறக்கவில்லை. ஆனால் வட மாநிலங்கள் ஸ்டோரியின் அந்த வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. மறு ஆண்டே மாசசூசெட்ஸ் ஒரு சட்டம் போட்டது: தப்பியோடியவரைப் பிடிக்க மாநில அதிகாரி யாரும் உதவக் கூடாது, மாநிலச் சிறைகளையும் அதற்குத் தரக் கூடாது.

சிறை கொடுக்காதே என்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். அன்றைய மத்திய அரசிடம் ஊருக்கு ஊர் சிறை ஏது, காவலர் ஏது? உள்ளூர் ஷெரிஃப் கைகொடுக்காவிட்டால் அடிமை பிடிக்க வந்தவர் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும். தென் மாநிலங்கள் கொதித்தன. 1850இல் காங்கிரஸ் இன்னும் கொடுமையான சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை கிடையாது. தன் தரப்பைச் சாட்சியாகச் சொல்லவும் முடியாது. வழக்கை முடிவு செய்யும் ஆணையருக்கு, அவரை அடிமையாகத் திருப்பி அனுப்பினால் பத்து டாலர், விடுவித்தால் ஐந்து டாலர் கட்டணம். ஒரு மனிதரின் வாழ்வைத் தீர்மானிக்கும் சட்டத்தில் இப்படி ஒரு விலைப்பட்டியல் இருந்தது என்பதே அந்தக் காலத்தின் அவலத்தைக் காட்டப் போதும்.

1854 மார்ச் 10 இரவு. மிசூரியிலிருந்து தப்பி வந்து விஸ்கான்சினின் ரேசீன் ஊருக்கு அருகே மர ஆலையில் வேலை பார்த்துவந்த ஜோஷுவா குளோவரை அவர் குடிலிலேயே அடித்துப் பிடித்து, மில்வாக்கி சிறையில் அடைத்தார்கள். செய்தி பரவியது. ஷெர்மன் பூத் என்ற பத்திரிகை ஆசிரியர் ஊரைத் திரட்டினார். மறுநாள் பெருங்கூட்டம் ஒன்று மரத்தடியால் சிறைக் கதவை இடித்துத் திறந்து குளோவரை வெளியே கொண்டுவந்தது. அவர் கப்பலேறி கனடா போய்ச் சேர்ந்து, டொரான்டோவுக்கு அருகே முப்பதாண்டுக்கும் மேல் வாழ்ந்தார்.

பூத் மீது மத்திய வழக்கு. விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் 1850ஆம் ஆண்டுச் சட்டமே செல்லாது என்று சொல்லி அவரை விடுவித்தது. மேல்முறையீட்டுக்கான ஆவணங்களை அனுப்பும்படி அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேட்டதையும் அது பொருட்படுத்தவில்லை. 1859இல் தலைமை நீதிபதி ரோஜர் டேனி, நீதிபதிகள் அனைவரும் ஒருமித்த தீர்ப்பில், மத்தியச் சட்டம் செல்லாது என்று சொல்லவோ மத்தியக் கைதியை விடுவிக்கவோ மாநில நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றார். உதவ மறுத்த மாசசூசெட்ஸ் ஸ்டோரி வரைந்த கோட்டுக்குள் நின்றது; செல்லாது என்று அறிவித்த விஸ்கான்சின் கோட்டைத் தாண்டியது. அறத்தின் பக்கம் நின்றது விஸ்கான்சின். சட்டக் கோட்பாட்டில் வென்றது டேனி. அடிமை முறையின் காவலரான டேனியின் அந்தத் தீர்ப்புதான் பிற்காலத்தில் மத்தியின் மேலாண்மைக்கு முக்கியமான முன்னுதாரணமானது.

இந்தக் கோட்டைப் புனிதமானதென்று யாரும் கருத வேண்டியதில்லை. மார்கரெட் மார்கன் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று அது பார்க்கவில்லை. தனிமனிதருக்கு இரண்டு அரசுகளிடமிருந்தும் பாதுகாப்பு வேண்டும் என்பதை அமெரிக்கா எழுத்தில் ஏற்க உள்நாட்டுப் போர் தேவைப்பட்டது. 1868இன் பதினான்காவது திருத்தம் சமமான சட்டப் பாதுகாப்பை மாநிலங்கள் யாருக்கும் மறுக்கக் கூடாது என்றது. எழுதியது நடைமுறைக்கு வர இன்னும் பல தலைமுறைகள் ஆயின. 1957 செப்டம்பரில் அர்கன்சாஸ் ஆளுநர் ஓர்வல் ஃபாபஸ், லிட்டில் ராக் உயர்நிலைப் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழையாதபடி மாநிலக் காவல் படையை நிறுத்தினார். அதிபர் ஐசன்ஹோவர் அதே படையை மத்தியின் கீழ் எடுத்துக்கொண்டு, 101ஆவது வான்வழிப் படையையும் அனுப்பினார். பிள்ளைகள் பள்ளிக்குள் போக, துப்பாக்கி ஏந்திய வீரர்கள் காவலுக்கு வந்தார்கள். மாநில உரிமை என்ற சொல்லைக் கேட்டதும் அமெரிக்கக் கறுப்பின மக்களில் பலர் இன்றும் ஐயப்படுவதற்கு இதுபோன்ற நாட்களே காரணம்.

ஸ்டோரியின் கோடு இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. துப்பாக்கி வாங்க வருபவரின் பின்னணியைச் சோதிக்கும் வேலையை, கணினி ஏற்பாடு தயாராகும் வரை, உள்ளூர்க் காவல் தலைவர்கள் தலையில் 1993ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் ஒன்று கட்டியது. மொன்டானா, அரிசோனா மாநிலங்களின் ஷெரிஃப்கள் இருவர் வழக்குப் போட்டார்கள். 1997இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்கள் வென்றார்கள். மாநில அதிகாரிகளை மத்திய அரசு வேலை வாங்க முடியாது என்று நீதிபதி அன்டனின் ஸ்கேலியா எழுதினார். இந்திய வாசகருக்கு இது புதிதாக இருக்கும். மத்தியச் சட்டங்கள் நிறைவேறும் வகையில் மாநிலங்கள் செயல்பட வேண்டும் என்றும், அதற்கு மத்திய அரசு கட்டளையிடலாம் என்றும் இந்திய அரசமைப்பின் 256ஆவது பிரிவு சொல்கிறது.

கஞ்சா விவகாரத்தில் இந்தக் கோட்பாட்டை நேராகவே பார்க்கலாம். 1970ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி அதை விற்பது குற்றம். கலிஃபோர்னியா 1996இல் மருத்துவத்துக்கு அனுமதித்தது; கொலராடோவும் வாஷிங்டனும் 2012இல் முழுமையாகவே அனுமதித்தன. 2002இல், மருத்துவர் சொன்னபடி ஆறு செடி வளர்த்த ஒரு கலிஃபோர்னியப் பெண்ணின் வீட்டுக்கு இரண்டு அரசுகளின் அதிகாரிகளும் வந்தார்கள். மாநிலச் சட்டப்படி தவறில்லை என்றனர் உள்ளூர் அதிகாரிகள். மூன்று மணி நேர இழுபறிக்குப் பிறகு மத்திய அதிகாரிகள் ஆறு செடிகளையும் கைப்பற்றி அழித்தார்கள். அப்படிச் செய்ய மத்திக்கு அதிகாரம் உண்டு என்று 2005இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அதிகாரம் இருக்கிறது, ஆள்தான் இல்லை. நாட்டின் காவலர்களில் மிகப் பெரும்பாலோர் மாநில, உள்ளாட்சி ஊழியர்கள். அவர்கள் விலகி நின்றால் மத்தியச் சட்டம் பெரும்பாலும் ஏட்டோடு நின்றுவிடுகிறது.

ஆணையிட முடியாத இடத்தில் மத்திய அரசு பணத்தைக் காட்டுகிறது. மது வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கைப் பிடித்துவைக்க 1984இல் சட்டம் வந்தது. தெற்கு டகோட்டா வழக்குப் போட்டுத் தோற்றது. 2012இல், ஏழைகளுக்கான மருத்துவத் திட்டத்தை விரிவாக்காத மாநிலங்களின் பழைய நிதி முழுவதையும் பறிக்கலாம் என்ற ஏற்பாட்டை, இது வற்புறுத்தல் என்று உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. ஆசை காட்டுவது எங்கே முடிகிறது, கழுத்தைப் பிடிப்பது எங்கே தொடங்குகிறது என்பதை இன்னும் யாரும் துல்லியமாகச் சொல்லவில்லை.

துப்பாக்கி ஆர்வலர்கள் கொண்டாடிய ஸ்கேலியாவின் தீர்ப்பை டிரம்பின் முதல் ஆட்சிக் காலத்தில் கையில் எடுத்தது கலிஃபோர்னியா. குடியேற்ற அதிகாரிகளுக்கு உள்ளூர்க் காவல் துறை உதவுவதைப் பெரிதும் கட்டுப்படுத்தி 2017இல் அது சட்டம் போட்டது. மத்திய அரசு தொடுத்த வழக்கில், உதவ மறுப்பது மாநிலத்தின் உரிமை என்று 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை விசாரிக்க மறுத்துவிட்டது.

பைடன் காலத்தில் மிசூரியின் முறை வந்தது. 2021இல் அம்மாநிலம் பல மத்தியத் துப்பாக்கிச் சட்டங்கள் செல்லாது என்று அறிவித்தது. அவற்றைச் செயல்படுத்த உதவும் காவல் துறைகளுக்கு 50,000 டாலர் அபராதம் என்றும் சொன்னது. 2024 ஆகஸ்டில் எட்டாவது மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. மிசூரி தன் காவலர்களை விலக்கி வைத்துக்கொள்ளலாம், அதில் தடையில்லை. மத்தியச் சட்டம் செல்லாது என்று அறிவித்து அதன் பேரில் விலக்கி வைக்க முடியாது என்றனர் நீதிபதிகள்.