ஸ்கேன்ல 'நீர்க்கட்டி'ன்னு வந்தாலே பி.சி.ஓ.எஸ்.ஸா?

ஸ்கேன் ரிப்போர்ட்ல 'பாலிசிஸ்டிக் ஓவரி'ன்னு ஒரு வரி இருந்தாலே பி.சி.ஓ.எஸ். உறுதின்னு நிறைய பேர் பயந்துடறாங்க. அப்படி இல்லை. அங்க தெரியறது கட்டியே இல்லைங்க. கருமுட்டை வளர்ற நுண்பைகள், பாதி வளர்ச்சியில நின்னுபோனவை.

2003-ல ராட்டர்டாம்ல வகுத்த விதிப்படி மூணு விஷயம் பார்க்கணும். ஒண்ணு, மாதவிடாய் தள்ளித் தள்ளி வர்றது. ரெண்டு, ஆண் ஹார்மோன் கூடுதலா இருக்கிறது. முகத்துல முடி, விடாத பரு, இல்லைன்னா ரத்தப் பரிசோதனையில அது தெரியும். மூணாவதுதான் ஸ்கேன். இதுல குறைஞ்சது ரெண்டு இருக்கணும். தைராய்டு, புரோலாக்டின் கோளாறு இல்லைன்னும் உறுதி பண்ணணும். வயசுக்கு வந்து 8 வருஷம் ஆகாதவங்களுக்கு ஸ்கேனை வெச்சு முடிவு பண்ணவே கூடாது.

அதுக்காக அலட்சியமும் வேண்டாம். கர்ப்பமா இல்லாம, 3 மாசம் பீரியட்ஸ் வரலைன்னா டாக்டரைப் பாருங்க. கருப்பையோட உள்சவ்வு தடிச்சுக்கிட்டே போகும். வருஷக்கணக்கா விட்டா புற்றுநோய் அபாயம் கூடும். மாத்திரை கொடுத்து வரவைக்கிறது அதனாலதான். ஒல்லியா இருந்தாலும் சர்க்கரைப் பரிசோதனையைக் கேட்டு எடுத்துக்கோங்க.

"கல்யாணம் ஆனா சரியாயிடும்"னு யாராவது சொன்னா? ஆகாது. ஆனா நடை, சாப்பாடு, தூக்கம், தேவைப்பட்டா மருந்துன்னு கட்டுப்பாட்டுல வெச்சுக்கலாம்.