பாவையின் குணமும் சுவைஞரின் உரிமையும்

நுழையும்முன்

இளமையில் நெஞ்சில் பதிந்த கதைமாந்தர் பல்லாண்டுகளுக்குப் பின் மீண்டும் திரையில் தோன்றும்போது, மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே எழுகின்றன. அமெரிக்காவின் புகழ்பெற்ற மப்பெட் பாவைகள் 2011ஆம் ஆண்டில் வெள்ளித்திரைக்குத் திரும்பியபோது அவற்றின் சுவைஞர்கள் காட்டிய வரவேற்பையும் மறுப்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

துணியில் பிறந்த உயிர்

1955ஆம் ஆண்டில் ஜிம் ஹென்சன் என்னும் இளைஞர், தம் தாயார் ஒதுக்கிய பழைய பச்சை மேலங்கியை வெட்டித் தைத்து, பாதியாகப் பிளந்த மேசைப்பந்தைக் கண்களாகப் பொருத்தி ஒரு பாவையைச் செய்தார். கெர்மிட் எனப் பெயர்பெற்ற அப்பாவையே பின்னாளில் உலகறிந்த தவளையாக வளர்ந்தது. அதனுடன் செருக்கு மிக்க மிஸ் பிக்கி, நகைச்சுவையில் தோற்றாலும் தளராத ஃபாஸி கரடி முதலிய பாவைகள் சேர்ந்தன. அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனங்கள் ஏற்க மறுத்த ‘தி மப்பெட் ஷோ’ இங்கிலாந்தில் உருவாகி, 1976 முதல் 1981 வரை 120 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று.

இப்பாவைகளை இயக்கும் முறை தனித்தன்மை உடையது. கலைஞர் பாவையின் தலைக்குள் கையை நுழைத்து, அதனைத் தம் தலைக்கு மேலே உயர்த்திப் பிடிக்கிறார். காண்போர் காணும் காட்சியையே ஒரு சிறு தொலைக்காட்சிப் பெட்டியில் தாமும் பார்த்தவாறு இயக்குகிறார். விரல்களின் மடிப்பால் முகத்தில் சினமும் நாணமும் தோன்றுகின்றன. மானிட நடிகருக்குத் தமக்கென ஓர் உடலும் வாழ்க்கையும் உண்டு. பாவைக்கோ குரலும் குணமும் தவிர வேறு உடைமை இல்லை. குணம் பிறழ்ந்தால் எஞ்சுவது துணியே. சுவைஞர்களின் எதிர்வினைகளைப் புரிந்துகொள்ள இவ்வுண்மையே திறவுகோல்.

மறைவும் மௌனமும்

1990ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் ஹென்சன் தமது 53ஆம் வயதில் காலமானார். அவரது விருப்பப்படி, நியூயார்க்கில் நடந்த நினைவுக்கூட்டத்திற்குக் கறுப்புடை தவிர்க்கப்பட்டது. கெர்மிட்டின் கையும் குரலும் ஸ்டீவ் விட்மையர் என்னும் கலைஞரிடம் சேர்ந்தன. 2004இல் டிஸ்னி நிறுவனம் மப்பெட் பாவைகளின் உரிமையைப் பெற்றது. எனினும் 1999இல் வெளிவந்த படத்திற்குப் பின் பன்னிரண்டு ஆண்டுகள் திரையரங்குகளில் புதிய மப்பெட் படம் எதுவும் வரவில்லை. தொலைக்காட்சியின் முன் அமர்ந்து சிரித்த சிறுவர்கள் அதற்குள் பெற்றோர் ஆகியிருந்தனர்.

சுவைஞனே கதைத்தலைவன்

2011ஆம் ஆண்டு நவம்பரில் ‘தி மப்பெட்ஸ்’ வெளிவந்தது. ஜேம்ஸ் பாபின் இயக்கிய இப்படத்தை நிக்கோலஸ் ஸ்டோலருடன் இணைந்து எழுதி, அதில் நடித்த ஜேசன் சீகலும் இளமை முதலே இப்பாவைகளை நேசித்தவர். கதையின் மையத்தில் நிற்கும் வால்டர் என்னும் புதிய பாவையும் ஒரு சுவைஞனே. பழைய அரங்கத்தை இடித்து எண்ணெய் எடுக்கத் திட்டமிடும் செல்வந்தனிடமிருந்து அதனை மீட்க, சிதறிப்போன குழுவினரை அவன் ஒன்றுதிரட்டுகிறான். ஒரு கோடி டாலர் திரட்ட நடத்தும் நிகழ்ச்சியில் குழு இலக்கை எட்டவில்லை. தோல்வியுற்றதாக எண்ணி வாயிலைத் திறந்தால், தெருவெங்கும் சுவைஞர் கூட்டம் திரண்டு நிற்கிறது.

மகிழ்ந்தோரும் மறுத்தோரும்

பழைய நிகழ்ச்சியின் தொடக்கக் காட்சி படத்தில் மீண்டும் உருப்பெற்றதும், 1979ஆம் ஆண்டுப் படத்தின் ‘ரெயின்போ கனெக்‌ஷன்’ பாடலைக் கெர்மிட் மறுபடியும் பாடியதும் பலரை நெகிழச் செய்தன. திறனாய்வாளர்கள் பாராட்டினர். படம் உலகெங்கும் 16 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. ‘மேன் ஆர் மப்பெட்’ என்னும் பாடல் ஆஸ்கர் விருது பெற்றது.

மறுப்பும் எழுந்தது. மிஸ் பிக்கிக்கும் ஃபாஸிக்கும் நெடுங்காலம் உயிரளித்த ஃபிராங்க் ஆஸ், திரைக்கதை கதைமாந்தரை மதிக்கவில்லை எனக் கருதித் தாம் பங்கேற்க மறுத்ததை வெளிப்படையாகக் கூறினார். எளியவர்களோடு கூடி வாழ்ந்த கெர்மிட் மாளிகையில் தனித்திருப்பதா என்று சிலர் வினவினர். ஃபாஸி நகைப்புக்காக அணிந்த, கீழ்க்காற்று ஓசை எழுப்பும் காலணி, வெகுளியான அவனது இயல்புக்கு இழுக்கு என்றனர். ரிஸ்ஸோ என்னும் எலிக்கு உரிய இடம் கிடைக்கவில்லை எனவும் வருந்தினர்.

இக்குறைகளைச் சிறுபிள்ளைத்தனம் எனத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் கெர்மிட் எங்கு வாழ்வான், ஃபாஸி எதற்குச் சிரிப்பான் என்பன அவற்றின் குணத்தைப் பற்றிய வினாக்களே. மகிழ்ந்தவர்கள் பழைய குணத்தைக் கண்டதால் மகிழ்ந்தனர். மறுத்தவர்கள் அதனைக் காணாததால் மறுத்தனர். இரு சாராரும் ஒரே அளவுகோலையே கையில் ஏந்தியிருந்தனர்.

பின்னர் நிகழ்ந்தவையும் இதனைத் தெளிவாக்குகின்றன. 2015இல் அலுவலக வாழ்வைப் பதிவுசெய்வது போன்ற புதுப் பாணியில் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர், பெரியவர்களுக்கான பேச்சும் கசப்பும் மிகுந்திருந்ததாகக் குறைகூறப்பட்டது. அது 16 பகுதிகளோடு நின்றது. 2017இல் கெர்மிட்டின் குரல் மேட் வோகலுக்கு மாறியபோது, அம்மாற்றமும் விவாதத்திற்கு உள்ளாயிற்று.

உரிமை எவரிடம்?

சட்டப்படி பாவைகள் நிறுவனத்திற்கு உரியவை. இயக்கும் திறன் கலைஞருக்கு உரியது. பல்லாண்டுகள் பாவை பெட்டிக்குள் உறங்கியபோது அதன் குணத்தை நினைவில் காத்தவர்கள் சுவைஞர்கள். அக்காவல் அவர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமையை அளிக்கிறது. பழையதை அப்படியே நிறுத்தி வைக்குமாறு ஆணையிடும் உரிமையை அது அளிப்பதில்லை. வால்டர் போன்ற புதியவர்கள் நுழையாத அரங்கம் காட்சிக்கூடமாகிவிடும். புதியன புகும்போதும் குணம் கெடாமல் காப்பதே மீட்டுருவாக்கத்தின் அறம். பாவையை உயர்த்திப் பிடிக்கும் கை கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனை மறவாமல் காக்கும் நெஞ்சங்களும் அவ்வாறே மறைந்து நிற்கின்றன.