அலை இல்லாத இடம் பாதுகாப்பான இடமா? கடலின் இழுப்பு நீரோட்டத்தை அறிந்துகொள்வோம்

பொது விடுமுறை இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் வந்தால், வேன் பிடித்து, சாப்பாடு கட்டிக்கொண்டு, சொந்தபந்தங்களோடு கடற்கரைக்குக் கிளம்புவது நம் குடும்பங்களில் வழக்கம். தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் பலருக்குப் போர்ட்டிக்சனும் மோரிப்பும்தான் கடல். இப்போது நெடுஞ்சாலை வசதியால் குவாந்தான், செராத்திங், திரெங்கானு, டெசாரு என்று எளிதாகப் போய் வருகிறோம்.

ஆனால் இந்த இரண்டு பக்கக் கடலும் ஒன்றல்ல. மலாக்கா நீரிணை, தீபகற்பத்துக்கும் சுமத்திராவுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடப்பதால் அங்கே அலைகள் பொதுவாகச் சிறியவை. கிழக்குக் கரையும் டெசாருவும் திறந்த தென்சீனக் கடலைப் பார்த்து நிற்பவை. அங்கே நெடுந்தூரம் ஓடிவரும் அலை, பலத்தோடு கரையில் மோதுகிறது. போர்ட்டிக்சனில் குளித்துப் பழகிய துணிச்சலோடு தெலுக் செம்பெடாக்கிலோ பத்து பூரோக்கிலோ இறங்குவது ஆபத்து. அந்த ஆபத்தின் பெயர் இழுப்பு நீரோட்டம். ஆங்கிலத்தில் இதை ‘ரிப் கரண்ட்’ என்பார்கள்.

இது எப்படி உருவாகிறது?

அலை அலையாகத் தண்ணீர் கரைக்கு வருவதை நாம் பார்க்கிறோம். வந்த தண்ணீர் எல்லாம் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். கரையிலிருந்து சற்றுத் தள்ளி நீருக்கடியில் மணல் திட்டுகள் இருக்கும். அலைகள் அந்தத் திட்டின் மேல் உடைந்து, தண்ணீரைக் கரைப்பக்கம் தள்ளுகின்றன. திட்டில் எங்காவது ஒரு பள்ளமோ இடைவெளியோ இருந்தால், தேங்கிய தண்ணீர் அந்த வழியாகக் கடலை நோக்கிப் பாய்கிறது. நிறைந்த கால்வாயில் ஒரு மடையைத் திறந்தால் தண்ணீர் முழுவதும் அந்தப் பக்கமே ஓடுவதைப் போன்றதுதான் இது. பாறைகள், படகுத்துறைத் தூண்கள், அலைத்தடுப்புக் கற்சுவர்கள் ஆகியவற்றின் ஓரத்திலும் இது உருவாகும்.

இதன் வேகம் பெரும்பாலும் விநாடிக்கு அரை மீட்டர் அளவில் இருக்கும். கேட்பதற்குக் குறைவாகத் தோன்றினாலும், ஒரே நிமிடத்தில் ஒருவரை 30 மீட்டர் கொண்டுபோய்விடும். சில வேளைகளில் விநாடிக்கு 2 மீட்டரையும் தாண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலில் உலகச் சாதனை நேரம் 46.40 விநாடி. அந்த வீரரே தம் முழு வேகத்தில் விநாடிக்கு 2 மீட்டருக்குச் சற்று அதிகமாகத்தான் நீந்தினார். விடுமுறைக்குக் குளிக்க வந்த நம்மால் இதை எதிர்த்து நீந்த முடியுமா?

கண்ணை ஏமாற்றும் அமைதி

நீச்சல் தெரியாதவர் பொதுவாக என்ன செய்வார்? அலை மோதும் இடத்தைத் தவிர்த்து, அமைதியாக இருக்கும் இடத்தில் பிள்ளைகளை இறக்குவார். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தண்ணீர் திரும்பிப் போகும் பாதை ஆழமாக இருப்பதால், அங்கே அலை அதிகம் உடைவதில்லை. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை பொங்க, நடுவே மட்டும் அலையில்லாமல் சற்றுக் கருமையாகத் தெரியும் நீர், இழுப்பு நீரோட்டமாக இருக்கலாம். கலங்கிய மணல் நீரும் நுரையும் இலைதழைகளும் கரைக்கு வராமல் கடலை நோக்கி நகர்வதும் ஓர் அடையாளம்.

இந்த அடையாளங்கள் எப்போதும் தெளிவாகத் தெரிவதில்லை. மணல் திட்டு இடம் மாறினால் நீரோட்டமும் இடம் மாறும். போன ஆண்டு குளித்த இடம் இந்த ஆண்டும் அப்படியே இருக்கும் என்று சொல்வதற்கில்லை.

‘கடல் காவு வாங்குகிறது’

கடலில் யாராவது இறந்தால், கடல் காவு வாங்கிவிட்டது என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. காலைப் பிடித்து உள்ளே இழுத்ததாகவும் பேசுவார்கள். உண்மையில் இழுப்பு நீரோட்டம் யாரையும் அடியாழத்துக்கு இழுப்பதில்லை. நீரின் மேற்பரப்பிலேயே கரையிலிருந்து அப்பால் கொண்டுசெல்கிறது. அலை உடையும் பகுதியைத் தாண்டியதும் பெரும்பாலும் அதன் வேகம் தணிந்துவிடும்.

அப்படியானால் உயிர் போவது எதனால்? கரை விலகுவதைக் கண்டு பதறுபவர், கரையை நோக்கி நேராக நீந்தப் பார்க்கிறார். நீரோட்டம் அவரைப் பின்னுக்குத் தள்ளுகிறது. சில நிமிடங்களில் கைகால் சோர்ந்து, தண்ணீர் குடித்து, மூழ்கிவிடுகிறார்.

சிக்கிக்கொண்டால்

முதலில் செய்ய வேண்டியது மிதப்பது. மல்லாந்து படுத்து, முகத்தை வானத்தைப் பார்த்து வைத்து, மூச்சைச் சீராக்குங்கள். உப்பு நீர் உடலைத் தாங்க உதவும். ஒரு கையை உயர்த்தி அசைத்து உதவி கேளுங்கள்.

நீந்தத் தெரிந்தவர் கரையை நோக்கி நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்த வேண்டும். இழுப்பு நீரோட்டம் பெரும்பாலும் அகலம் குறைந்தது. அதைவிட்டு விலகியதும், அலை உடையும் பக்கமாகச் சாய்வாகக் கரைக்கு வரலாம். ஒரு பக்கம் நீந்துவது கடினமாக இருந்தால் மறுபக்கம் முயலுங்கள். முடியவில்லை என்றால் மீண்டும் மிதந்து பலத்தைச் சேமியுங்கள்.

காப்பாற்றப் போனவரும் திரும்பாத சோகம்

இத்தகைய செய்திகளில் மனத்தை உலுக்குவது, ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து இறப்பதுதான். தம்பி தத்தளிப்பதைக் கண்டு அண்ணன் குதிக்கிறார். மகளைப் பிடிக்கத் தந்தை ஓடுகிறார். பாசம் அவர்களை யோசிக்க விடுவதில்லை. மூழ்குபவர் பதற்றத்தில் கையில் கிடைத்தவரைப் பிடித்து அமுக்கிவிடுவார்.

எனவே வெறுங்கையோடு குதிக்காதீர்கள். உயிர்காப்பாளர் இருந்தால் உடனே கூப்பிடுங்கள். ஒருவர் 999-க்கு அழைக்கட்டும். இன்னொருவர் தத்தளிப்பவர்மீது வைத்த கண்ணை எடுக்காமல், அவர் இருக்கும் திசையைக் கைநீட்டிக் காட்டியபடி நிற்கட்டும். மிதக்கக்கூடிய எதையாவது அவரை நோக்கி வீசுங்கள். நாம் கொண்டுபோகும் சாமான்களிலேயே அதற்கு வழி உண்டு. காலி செய்து இறுக மூடிய ஐஸ் பெட்டி, மூடி போட்ட பெரிய காலித் தண்ணீர்க் கலன், பிள்ளைகளின் பந்து ஆகியவை மிதக்கும். “மித, எதிர்த்து நீந்தாதே!” என்று உரக்கக் கத்துவதும் உதவிதான்.

எந்த மாதங்களில் அதிக எச்சரிக்கை?

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம். கிழக்குக் கரையில் கடல் மிகவும் கொந்தளிப்பது அப்போதுதான். தீபாவளி தொடங்கி கிறிஸ்துமஸ், தைப்பூசம், சீனப் புத்தாண்டு என்று நமக்கு விடுமுறைகள் வருவதும் ஏறக்குறைய இதே மாதங்களில்தான். தொலைவில் வீசும் காற்றே பெரிய அலைகளைக் கிளப்பும் என்பதால், வெயில் அடிக்கும் நாளிலும் கடல் ஆபத்தாக இருக்கலாம். புறப்படும் முன் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் பலத்த காற்று, கடல் கொந்தளிப்பு எச்சரிக்கைகளைப் பாருங்கள்.

மேற்குக் கரையிலும் அலட்சியம் கூடாது. சுமத்திராவிலிருந்து வரும் சூறைக்காற்று விடியற்காலையில் கடலைக் கலக்கிவிடும். ஆடி அமாவாசை வழிபாட்டுக்கும் அஸ்தி கரைக்கவும் அதிகாலையில் கடலில் இறங்குபவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். நனைந்த வேட்டியும் சேலையும் காலைச் சுற்றிக்கொள்ளும் என்பதால், முழங்கால் அளவு நீரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வேனைவிட்டு இறங்கியதும்

பிள்ளைகள் உடை மாற்றும் முன், பெரியவர்கள் பத்து நிமிடம் கரையில் நின்று கடலைப் பாருங்கள். அலை எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை என்று கவனியுங்கள். சிவப்புக் கொடியோ ‘டிலாராங் மண்டி’ பலகையோ இருந்தால், எவ்வளவு தூரம் பயணம் செய்து வந்திருந்தாலும் இறங்காதீர்கள். உயிர்காப்பாளர் கண்காணிக்கும் பகுதியிலேயே குளியுங்கள். காற்றடைத்த மிதவை வளையத்தை நம்பிச் சிறுவர்களைத் தனியே விடாதீர்கள். காற்றும் நீரோட்டமும் அதைச் சுலபமாக அடித்துச் சென்றுவிடும்.

‘எல்லாரும் இருக்கிறோமே’ என்ற நினைப்பில், பிள்ளைகளை யாருமே பார்க்காமல் போவதுண்டு. அதனால் இந்த அரை மணி நேரம் மாமா, அடுத்த அரை மணி நேரம் சித்தி என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். முறையில் இருப்பவர் கையில் கைத்தொலைபேசி வேண்டாம்.