கருவி யார் கையில்?

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போக வேண்டும்.

அங்கே சாமை, தினை, கேழ்வரகு விளைகின்றன. சாமையின் உமி எளிதில் போகாது. பெண்கள் உரலில் போட்டு, உலக்கையால் குத்துவார்கள். கை காய்த்துவிடும். சாமை சாகுபடி குறைந்ததற்கு இந்தப் பாடும் ஒரு காரணம்.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலைக் கிராமங்களில் சிறிய மில்களை அமைத்தது. அவற்றை நடத்தும் பொறுப்பு மகளிர் குழுக்களிடம் வந்தது. எந்திரம் ஊரிலேயே இருந்தது. சாவியும் ஊரார் கையில் இருந்தது.

கம்ப்யூட்டரிலும் இதே கேள்வி

கருவி நம் கையில் இருக்க வேண்டுமா? வேறு ஒருவரிடம் இருந்தால் போதுமா? கம்ப்யூட்டர் உலகிலும் இப்போது இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது.

கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லிக் கொடுப்பதுதான் புரோகிராம். அதை எழுதவும், ஓட்டிப் பார்க்கவும் கருவிகள் தேவை. முன்பெல்லாம் அவரவர் கம்ப்யூட்டரிலேயே அவற்றை வைத்திருந்தார்கள்.

இப்போது அந்தக் கருவிகள் எங்கோ தொலைவில், பெரிய கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களில் இருக்கின்றன. இன்டர்நெட் மூலம் அங்கே போய் எழுதலாம். இதற்கு "மேகம்" என்று பெயர். வானத்து மேகம் அல்ல. கட்டிடம் நிறையக் கம்ப்யூட்டர்கள், அவ்வளவுதான்!

லாபமும் உண்டு

இதில் வசதி இருக்கிறது. விலை குறைந்த கம்ப்யூட்டரே போதும். அது பழுதானாலும் எழுதியது அழியாது. பல ஊர்களில் இருப்பவர்கள் சேர்ந்து வேலை செய்யலாம்.

ஆபத்து என்ன?

மலை மறித்து சிக்னல் நின்றால், வேலையும் நின்றுவிடும். வாடகையை ஏற்றினால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கடைக்காரர் கதவைச் சாத்தினால்?

அப்படியும் நடந்தது. "கிளவுட்9" என்பது இப்படிப்பட்ட ஒரு கருவி. 2016-ம் ஆண்டு அமேசான் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. 2024-ம் ஆண்டு ஜூலை மாதம், "புதியவர்களுக்கு இடம் இல்லை" என்று கதவை மூடிவிட்டது.

சொந்த லேப்டாப்

தமிழக அரசு 2011-ம் ஆண்டு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அது மாணவரின் சொந்தப் பொருள். புரோகிராம் எழுதும் கருவிகள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு முறை இறக்கி வைத்துக்கொண்டால் போதும். சிக்னல் இல்லாத இடத்திலும் எழுதலாம்.

மேகத்தை ஒதுக்க வேண்டியது இல்லை. பெரிய வேலைக்கு அது உதவும். ஆனால், புரோகிராம் படிக்கும் பிள்ளைகள் இரண்டு காரியங்களை மறக்கக்கூடாது. எழுதியதற்கு ஒரு நகல் சொந்தக் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். அதை ஓட்டும் கருவியும் அதிலேயே இருக்க வேண்டும்.