தலையணையை அடித்தால் கோபம் தணியுமா?

பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வரும் பிள்ளையிடம் ஒரு தலையணையை நீட்டி, ‘இதை அவன் என்று நினைத்து நாலு அடி போடு’ என்கிறோம். நாமும் கதவை ஓங்கி அறைந்துவிட்டு, ‘இப்போதுதான் மனது லேசாயிற்று’ என்கிறோம். குக்கரில் ஆவி சேர்வதுபோல் கோபமும் சேர்கிறது, வெளியேற்றாவிட்டால் வெடித்துவிடும் என்பது நம் எண்ணம்.

அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். 2002இல் வெளியான அந்த ஆய்வில் 600 மாணவ மாணவியர் கலந்துகொண்டனர். ஒவ்வொருவரும் ஒரு கட்டுரை எழுதினர். இன்னொரு மாணவர் திருத்தியதாகச் சொல்லி, ‘படுமோசம்’ என்ற குறிப்போடு அது திரும்பி வந்தது. (அப்படியொரு மாணவரே இல்லை, கோபமூட்டச் செய்த ஏற்பாடு.) பிறகு சிலர், தங்களை இழிவுபடுத்தியவரை நினைத்துக்கொண்டு, குத்துச்சண்டைப் பயிற்சிக்குத் தொங்கவிடும் மூட்டையைக் குத்தினர். சிலர் உடற்பயிற்சியாக நினைத்துக் குத்தினர். மற்றவர்கள் இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தனர். கடைசியில், அந்த ‘எதிராளி’யின் காதில் இரைச்சல் எழுப்பும் வாய்ப்பு எல்லாருக்கும் தரப்பட்டது. எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம் என்பது அவரவர் விருப்பம்.

எதிராளியை நினைத்துக் குத்தியவர்களிடமே கோபம் மிகுந்திருந்தது; கடுமையாகப் பழிதீர்த்தவர்களும் அவர்களே. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள்தாம் எல்லாரையும்விடக் குறைவாகத் தாக்கினர்.

ஏன்? குத்தும்போதெல்லாம் அந்த முகம் கண்முன் வருகிறது. நெஞ்சும் படபடத்துக்கொண்டே இருக்கிறது. கதவை அறைந்ததும் மனது லேசாவது உண்மைதான். ஆனால் அந்தச் சுகமே அடுத்த முறையும் நம் கையைக் கதவுக்குக் கொண்டுபோகிறது. கதவு இல்லாத இடத்தில் பிள்ளையின் முதுகுக்கு.

2024இல் 154 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதுவே தெரிந்தது. மூச்சை மெல்ல இழுத்துவிடுதல், தியானம், தசைகளைத் தளர்த்துதல் போன்று உடலை அமைதிப்படுத்துபவை கோபத்தைக் குறைத்தன. ஓட்டம் குறைக்கவில்லை. (ஓட்டம் உடம்புக்கு நல்லது, அதை விட்டுவிட வேண்டாம்.)

அப்படியானால் எல்லா அநீதியையும் வாய்மூடிப் பொறுத்துக்கொள்வதா? சும்மா உட்காரச் சொன்னது இரண்டு நிமிடம்தான், ஆயுள் முழுவதும் அல்ல. கூலியைக் குறைத்துக் கொடுத்தவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் வேண்டும். நாளைக் காலையில் கேட்டாலும் அதே கேள்விதான். அப்போது நம் கூச்சலைக் காட்டி அவர் நழுவ முடியாது. கணக்கைத்தான் எடுத்துக் காட்டியாக வேண்டும்.