புகைபோக்கிக்கு அவகாசம், பயிருக்கு?

அனல்மின் நிலையப் புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடுக்கு மத்திய அரசு 2015 டிசம்பரில் வரம்பு விதித்து, 2 ஆண்டு கெடு கொடுத்தது. சுத்திகரிப்புக் கருவி பொருத்தச் செலவும் காலமும் அதிகம் என்பதால் கெடு பலமுறை நீண்டது. அதில் நியாயம் உண்டு. ஆனால் 2025 ஜூலையில், பெருநகரங்களுக்கும் கடும் மாசுள்ள பகுதிகளுக்கும் தள்ளியிருக்கும் நிலையங்களுக்கு, புகைபோக்கி உயர நிபந்தனையோடு விலக்கே தரப்பட்டது. வயல்கள் அதிகம் இருப்பதோ அங்கேதான்.

கருவி இருந்தால் சுண்ணாம்புக்கல் அந்தக் கந்தகத்தைப் பிடித்து, நாம் நிலக்கடலைக்கு இடும் ஜிப்சமாக மாறும்.

நிலையத்துக்கு அருகிலுள்ள விவசாயிகளே, இலை நரம்புகளுக்கு இடையே வெளுக்கிறதா பாருங்கள். இளம் இலையில் மட்டும் என்றால் இரும்புச்சத்துக் குறையாக இருக்கலாம். நன்கு விரிந்த இலைகளில், பல பயிர்களிலும் ஒரே சமயத்தில் தெரிந்தால் புகையைச் சந்தேகியுங்கள். தேதி, காற்றுத் திசை குறித்துப் படமெடுத்து, வேளாண் அலுவலரிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் மனு கொடுங்கள். பதிவாகாத பாதிப்பு எந்தக் கெடுவிலும் கணக்கில் வராது.