போர்முனையிலிருந்து வெள்ளித்திரைக்கு

அமெரிக்க வீரர் ஆடி மர்ஃபி 1945 ஜனவரி 26-இல் பிரான்சில், எரிந்துகொண்டிருந்த பீரங்கி வண்டிமேல் தனியாக ஏறி நின்று பகைவரைத் தடுத்தார். தம் நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தைப் பெற்றார். 1955-இல் தம் போர்க்கதையில் தாமே நடித்தார். ஆனால் போர் அவரை விடவில்லை. இரவில் தூக்கமின்றித் தவித்தார். அதை மறைக்காமல் வெளியே சொன்னார். எனக்கு இது பதக்கத்தினும் பெரிய துணிவாகத் தோன்றுகிறது.

நம் பக்கத்திலும் ஒருவர் உண்டு. நம் மாவட்டம் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் பிறந்த சத்யன், இரண்டாம் உலகப் போரில் மணிப்பூர், பர்மா முனைகளைக் கண்டவர். பின் போலீஸ் இன்ஸ்பெக்டராகி, நாற்பதை நெருங்கும் வயதில் நடிக்க வந்தார். 1965-இல் வெளிவந்த 'செம்மீன்' படத்தில் அவர் மீனவன் பழனி. நம் கடற்கரைக்காரர் என்றே எண்ணத் தோன்றும்! இரத்தப் புற்றுநோய் வந்த பின்பும் நடிப்பை விடவில்லை.

1971 மே 28-இல் மர்ஃபி விமான விபத்தில் இறந்தார். பதினெட்டு நாள் கழித்து, ஜூன் 15-இல், சத்யன் சென்னையில் கண்மூடினார்.